கும்பிட மறுத்த கைகள்

(நீரிழிவும் மூட்டு நோய்களும்)

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி., வேதியியல்

இரு கரங்களையும் குவித்து வணக்கம் கூறுவது நமக்குப் பழகிப்போன செயல். அவ்வாறு குவிக்கும்போது உள்ளங்கைகளும் விரல்களும் இடைவெளியின்றிப் பொருந்துகின்றனவா என்று நாம் என்றாவது பார்த்ததுண்டா? இதைப் படிக்கும் நண்பர்கள் ஒரு நொடி இம்மலரைக் கீழே வைத்துவிட்டுக் கைகளைக் குவித்துப் பாருங்கள். நம் வயதினர் பெரும்பாலோர்க்கு நன்றாகவே பொருந்தும்.

சென்ற ஆண்டு அரசு மருத்துவமனை ஒன்றில் மருத்துவர் என் தாயாரை இவ்வாறுதான் செய்யச் சொன்னார். தோள்வலிக்காக நாங்கள் சென்றிருந்தோம். வலது கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாமல் அம்மா பல மாதங்களாகத் துன்பப்பட்டு வந்தார். தோளை அசைத்துப் பார்த்த மருத்துவர், "எங்கே, கையைக் கும்பிடுங்கம்மா" என்றார். அம்மா கும்பிட்டார். விரல் நுனிகள் தொட்டன. மணிக்கட்டின் அருகே தொட்டது. நடுவில் விரல்கள் வளைந்து நின்றன. ஒரு பென்சில் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது. இருபத்தைந்து ஆண்டுகளாகப் பீடி சுற்றும் கை அப்படித்தான் இருக்கும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். மருத்துவரோ, "சர்க்கரை பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டார்.

தோள்வலிக்கு வந்தவரிடம் சர்க்கரையைப் பற்றி ஏன் கேட்க வேண்டும்? அன்று எனக்கு எழுந்த இந்த வினாவுக்கு விடை தேடிப் படித்தவற்றையே இக்கட்டுரையில் தொகுத்துத் தருகிறேன்.

இரு நோய்கள் – ஓர் அறிமுகம்

நாம் உண்ணும் உணவு குளுக்கோசாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. அதனைத் திசுக்களுக்குள் செலுத்த உதவுவது கணையத்தில் சுரக்கும் இன்சுலின். இன்சுலின் சுரக்காமற் போனாலும், சுரந்தும் உடல் அதற்குக் கட்டுப்படாமற் போனாலும் இரத்தத்தில் சர்க்கரை தேங்குகிறது. இதுவே நீரிழிவு. முன்னது முதல் வகை; பின்னது இரண்டாம் வகை. நம் நாட்டில் மிகுதியாகக் காணப்படுவது இரண்டாம் வகையே. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடத்தப்பெற்று 2023இல் வெளியான ஆய்வின்படி, இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் ஏறத்தாழ 10 கோடிப் பேர்.

மூட்டுவாதம் என்று நாம் பொதுவாகச் சொல்வது ஒரே நோயன்று. வயதும் உடற்பருமனும் கூடக் கூடக் குருத்தெலும்பு தேய்வது மூட்டுத் தேய்வு. உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு ஆற்றலே மூட்டுகளைப் பகையாக எண்ணித் தாக்குவது முடக்குவாதம். யூரிக் அமிலம் படிகங்களாக மூட்டில் படிந்து, பெரும்பாலும் கால் கட்டைவிரலில் திடீரென்று கடும் வலியை உண்டாக்குவது 'கௌட்' எனப்படும் வாதம். இவையன்றி, மூட்டைச் சுற்றியுள்ள உறையும் தசைநாண்களும் இறுகிப் போவதும் உண்டு.

வெளிப்பார்வைக்கு நீரிழிவு இரத்தத்தைச் சார்ந்தது. மூட்டுவாதம் எலும்பைச் சார்ந்தது. இரண்டுக்கும் என்ன உறவு என்றே தோன்றும். ஆயினும் அமெரிக்க நாட்டில் 2005, 2007ஆம் ஆண்டுகளில் திரட்டப்பட்ட அரசுப் புள்ளிவிவரங்களின்படி, நீரிழிவு உள்ள பெரியவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு மூட்டுவாதமும் இருந்தது. வயதும் பருமனும் இரு நோய்களுக்கும் பொதுவாக இருப்பது இதற்கு ஒரு காரணம். ஆனால் அதுமட்டுமே காரணமன்று.

சர்க்கரை மூட்டை இறுக்குவது எவ்வாறு?

தோசைக்கல்லில் ஊற்றிய மாவு வெண்ணிறத்திலிருந்து பொன்னிறமாகச் சிவப்பதை நாள்தோறும் காண்கிறோம். சர்க்கரையும் அமினோ அமிலங்களும் வெப்பத்தில் வினைபுரிவதால் நிகழும் மாற்றம் இது. 1912ஆம் ஆண்டு இவ்வினையை விளக்கிய பிரெஞ்சு வேதியியல் அறிஞர் மெயார் என்பவரின் பெயராலேயே இது மெயார் வினை எனப்படுகிறது. குளுக்கோசின் ஆல்டிஹைடு தொகுதி, புரதத்தின் அமினோ தொகுதியோடு இணைகிறது என்று சொன்னால் நம் வகுப்புத் தோழர்களுக்கு எளிதில் விளங்கும்.

இதே வினை நம் உடலுக்குள்ளும் நடைபெறுகிறது. அடுப்பின் வெப்பம் அங்கில்லை. ஆகவே மிக மெதுவாக, நாட்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் நடைபெறுகிறது. சர்க்கரையின் அளவு மிகுந்திருந்தால் வினையும் மிகுதியாகிறது. 1968இல் ஈரான் நாட்டின் தெஹ்ரானில் சாமுவேல் ரஹ்பர் என்ற அறிஞர், நீரிழிவு உள்ளவர்களின் ஹீமோகுளோபினில் வேறுபாடு இருப்பதைக் கண்டறிந்தார். சர்க்கரை ஏறிய ஹீமோகுளோபின்தான் அது. சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாட்கள் என்பதால், அதில் ஏறியுள்ள சர்க்கரையைக் கொண்டு கடந்த மூன்று மாதச் சராசரியை அறியலாம். இன்று மருத்துவமனைகளில் செய்யப்படும் 'எச்.பி.ஏ.1சி' சோதனைக்கு அடிப்படை இதுவே.

சிவப்பணு நான்கு மாதங்களில் அழிந்து புதியது பிறந்துவிடுகிறது. மூட்டின் கதை வேறு. குருத்தெலும்பும் தசைநாண்களும் மூட்டு உறையும் பெரிதும் கொலாஜன் என்ற புரதத்தால் ஆனவை. குருத்தெலும்பிலுள்ள கொலாஜனில் பாதி புதுப்பிக்கப்படுவதற்கே நூறாண்டுக்கு மேல் ஆகும் எனக் கணக்கிட்டுள்ளனர். அதாவது, அதில் ஏறிய சர்க்கரை வாழ்நாள் முழுதும் இறங்குவதில்லை. ஏறிய சர்க்கரை பக்கத்திலுள்ள இழைகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறது. தனித்தனியே வழுக்கி அசைய வேண்டிய நூல்களுக்கு இடையே பசை கொட்டியது போல் ஆகிறது. நெகிழ்ச்சி குறைகிறது, மூட்டு இறுகுகிறது.

தோளும் விரலும் பாதமும்

இவ்விறுக்கம் முதலில் வெளிப்படும் இடங்களில் ஒன்று தோள். கையைப் பக்கவாட்டில் தூக்கவும், முதுகுப்புறம் கொண்டுபோகவும் இயலாத இந்நோய்க்கு 1934இல் அமெரிக்க மருத்துவர் காட்மன் 'உறைந்த தோள்' என்று பெயரிட்டார். பொதுமக்களில் நூற்றுக்கு 2 முதல் 5 பேருக்கு வரும் இது, நீரிழிவு உள்ளவர்களில் நூற்றுக்கு 10 முதல் 20 பேருக்கு வருகிறது. இரவில் வலி மிகும். அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாது. பெண்கள் தலை பின்னவும் ஆண்கள் சட்டை மாட்டவும் திண்டாடுவர்.

அடுத்து விரல்கள். மடக்கிய விரல் நிமிராமல் சிக்கி, பின்பு துப்பாக்கி விசையை விட்டாற்போல் 'டக்' கென்று நிமிர்வது ஒரு வகை. விரல்களின் தோலும் தசைநாண்களும் தடித்து, வலியேதுமின்றி விரல் முழுமையாக நிமிராமற் போவது மற்றொரு வகை. இவ்விரண்டாவது வகையைக் கண்டறியவே மருத்துவர்கள் கைகுவிக்கச் சொல்கின்றனர். மேலை நாட்டு மருத்துவ நூல்கள் இதனைப் 'பிரார்த்தனைக் குறி' என்கின்றன. நாம் 'வணக்கக் குறி' என்று அழைத்தால் இன்னும் பொருத்தமாக இருக்கும். கைகள் பொருந்தவில்லை என்பதாலேயே நீரிழிவு என முடிவு கட்டிவிடக் கூடாது. வேறு காரணங்களாலும் விரல் வளையலாம். இரத்தத்தைச் சோதிக்க இஃது ஒரு தூண்டுதல்; அவ்வளவே.

மூன்றாவது பாதம். நீண்ட நாள் நீரிழிவால் நரம்புகள் பழுதுபட்டுப் பாதம் உணர்ச்சியை இழக்கிறது. வலி என்னும் காவலன் இல்லாத வீட்டில் எது நடந்தாலும் தெரிவதில்லை. சிறு எலும்புகள் முறிந்தாலும் மூட்டுகள் நொறுங்கினாலும் நோயாளி அதன் மீதே நடந்துகொண்டிருப்பார். நரம்பு நோயால் மூட்டு சிதைவதைப் பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோ 1868இல் விளக்கினார். அதற்கும் நீரிழிவுக்கும் உள்ள தொடர்பு 1936இல் வெளிப்பட்டது. இன்று அதற்கு முதன்மையான காரணமே நீரிழிவுதான். நீரிழிவு உள்ளவரின் பாதம் சிவந்து, சூடாகி, வீங்கியிருந்தால் வலி அதிகமில்லை என்று மகிழக் கூடாது. நடப்பதை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

அழற்சி என்னும் பாலம்

இதுவரை சர்க்கரை மூட்டைக் கெடுப்பதைக் கண்டோம். மூட்டு நோயும் சர்க்கரையைக் கூட்டுமா? கூட்டும்.

முடக்குவாதத்தில் மூட்டு கன்றிச் சிவந்து வீங்குவதை அழற்சி என்கிறோம். அவ்வழற்சியைத் தூண்டும் பொருள்களில் முதன்மையானது 'டி.என்.எஃப்.' என்ற புரதம். லண்டனில் மைனி, ஃபெல்ட்மன் ஆகிய இருவரும் இப்புரதத்தைத் தடுக்கும் மருந்தை 1992இல் முடக்குவாத நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, மூட்டு வீக்கம் தணிவதைக் கண்டனர். அடுத்த ஆண்டே, 1993இல், அமெரிக்காவில் ஹோட்டாமிஸ்லிகில் என்ற அறிஞரும் அவருடைய குழுவினரும் பருத்த விலங்குகளின் கொழுப்புத் திசுவில் இதே புரதம் மிகுந்திருப்பதையும், அஃது இன்சுலினின் வேலையைத் தடுப்பதையும் வெளியிட்டனர். மூட்டை வீங்கச் செய்யும் பொருளும், இன்சுலினைச் செயலிழக்கச் செய்யும் பொருளும் ஒன்றே! முடக்குவாதம் உள்ளவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம். முதல் வகை நீரிழிவும் முடக்குவாதமும் நோய் எதிர்ப்பு ஆற்றல் தன் உடலையே தாக்குவதால் வருபவை. இரண்டுக்கும் பொதுவான மரபணுக்களும் உண்டு.

மருந்திலும் இவ்வுறவு தெரிகிறது. மலேரியாவுக்காகத் தோன்றி, பின்னர் முடக்குவாதத்திற்குப் பயன்பட்ட ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்ற மாத்திரை இரத்தச் சர்க்கரையையும் குறைப்பது கண்டறியப்பட்டது. 2014இல் இந்தியாவில் இரண்டாம் வகை நீரிழிவுக்குத் துணைமருந்தாகவும் அதற்கு ஒப்புதல் கிடைத்தது.

கௌட் வாதமும் இவ்வட்டத்திற்கு வெளியே இல்லை. இன்சுலினுக்கு உடல் கட்டுப்படாத நிலையில் சிறுநீரகம் யூரிக் அமிலத்தை வெளியேற்றுவது குறைகிறது. தேங்கிய அமிலம் மூட்டில் படிகிறது.

நடை நின்றால்…

வேதியியலை விட்டுவிட்டு அன்றாட வாழ்வைப் பார்ப்போம். நீரிழிவு உள்ளவரிடம் எந்த மருத்துவரும் முதலில் சொல்வது "நடங்கள்" என்பதே. ஆனால் முழங்கால் வலிப்பவர் எப்படி நடப்பார்? நடை நின்றால் எடை ஏறும். எடை ஏறினால் முழங்கால் மேலும் தேயும், சர்க்கரையும் ஏறும். வலி கூடும், நடை இன்னும் குறையும். செக்குமாட்டுப் பாதை போன்ற இவ்வட்டத்தில்தான் நம் தாய்மார் பலர் சுற்றிக்கொண்டிருக்கின்றனர்.

முன்னர்க் குறிப்பிட்ட அமெரிக்கப் புள்ளிவிவரம் இதனை உறுதிப்படுத்துகிறது. இரு நோய்களும் இல்லாதவர்களில் நூற்றுக்கு 11 பேரே உடற்பயிற்சி ஏதுமின்றி இருந்தனர். நீரிழிவு மட்டும் உள்ளவர்களில் அது 21 பேர். இரண்டும் உள்ளவர்களிலோ ஏறத்தாழ 30 பேர். நடக்கச் சொன்னால் மட்டும் போதாது. நடக்க முடியாமைக்குக் காரணமான மூட்டையும் கவனிக்க வேண்டும் என்பதே இதன் பொருள்.

வலி மறைந்தது, நோய் வளர்ந்தது

1948 செப்டம்பரில் அமெரிக்காவின் ரோச்செஸ்டர் நகரில் மேயோ மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த ஃபிலிப் ஹெஞ்ச், முடக்குவாதத்தால் நடமாட முடியாமலிருந்த 29 வயதுப் பெண்மணி ஒருவருக்குப் பின்னாளில் 'கார்ட்டிசோன்' எனப் பெயர் பெற்ற மருந்தைச் செலுத்தினார். சில நாட்களிலேயே அப்பெண்மணி எழுந்து நடந்தார். உலகமே வியந்தது. 1950இல் ஹெஞ்சுக்கும் கெண்டால், ரைக்ஸ்டைன் என்ற வேதியியல் அறிஞர்களுக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. நாட்பட உட்கொண்டவர்களுக்கு முகம் உப்பியது, எலும்பு மெலிந்தது, இரத்தச் சர்க்கரை ஏறியது. இம்மருந்துக் குடும்பத்துக்குக் 'குளுக்கோகார்ட்டிகாய்டு' என்று பெயர். பெயரின் முன்பாதியிலேயே குளுக்கோஸ் இருக்கிறது! புரதத்தைச் சிதைத்துக் கல்லீரலில் குளுக்கோஸ் உற்பத்தியைப் பெருக்குவதும், இன்சுலினுக்கு எதிராக வேலை செய்வதும் இவற்றின் இயல்பு. மருத்துவர் அளவறிந்து கொடுத்தால் உயிர் காக்கும் மருந்து. அளவறியாமல் உண்டால் மறைந்திருந்து கொல்லும் மருந்து. பிரெட்னிசோலோன், டெக்சாமெத்தசோன் ஆகியவை இக்குடும்பத்தைச் சேர்ந்தவை. மருத்துவரின் சீட்டின்றி இவற்றை விற்கக் கூடாது என்பது சட்டம்.

ஆனால் நடைமுறை என்ன? மூட்டுவலி என்று சொன்னால் போதும். சில கடைகளில் இரண்டு மூன்று மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்து, "ராத்திரி ஒண்ணு போடுங்க" என்று கொடுத்துவிடுகின்றனர். எங்கள் வீட்டிலும் அதுவே நடந்தது. அம்மாவின் தோள்வலி மாயம் போல் மறைந்தது. பொட்டலம் தீர்ந்தால் வலி திரும்பியது; மீண்டும் பொட்டலம் வந்தது. ஓராண்டுக்கும் மேலாக இது தொடர்ந்தது. இரவில் நான்கைந்து முறை எழுந்ததையும், குடம் குடமாய்த் தண்ணீர் குடித்ததையும் வெயிலின் மேல் பழி போட்டோம். மருத்துவமனையில் வெறும் வயிற்றில் எடுத்த சர்க்கரை 286 என்று வந்தது.

விரல்கள் அவ்வளவு இறுக வேண்டுமானால் சர்க்கரை பல ஆண்டுகளுக்கு முன்பே வந்திருக்க வேண்டும் என்றும், மாத்திரை அதனை மேலும் ஏற்றிவிட்டது என்றும் மருத்துவர் விளக்கினார். தோளும் விரலும் தம்மால் இயன்ற வரையில் செய்தி சொல்லிக்கொண்டே இருந்தன. நாங்கள் அவற்றின் வாயை மாத்திரையால் அடைத்துவிட்டோம்.

அந்தப் பொட்டலங்களை வாங்கி வந்தவள் நான்தான். கல்லூரி விட்டு வரும் வழியில்தான் அந்தக் கடை. ஆய்வகத்தில் பெயர்ச்சீட்டு ஒட்டாத குப்பியைத் தொடக் கூடாது என்பது நாம் முதல் நாளிலேயே கற்கும் பாடம். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குள் காலடி வைத்தவள் நான். "நீ படிக்கிற பொண்ணு, உனக்குத் தெரியும்" என்று நம்பி அம்மா அவற்றை விழுங்கினார். பெயரில்லாத மாத்திரையை, இது என்ன என்று ஒரு முறைகூட நான் கேட்கவில்லை. குற்றத்தைக் கடைக்காரர் மேல் மட்டும் சுமத்தி நான் தப்பித்துக்கொள்ள முடியாது.

நாம் செய்யத்தக்கவை

1. தோள் இறுக்கம், விரல் சிக்குதல், ஓயாத மூட்டுவலி ஆகியவை இருந்தால் சர்க்கரையையும் சோதிக்க வேண்டும். வெறும் வயிற்றில் 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ, அல்லது எச்.பி.ஏ.1சி 6.5 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்தால் நீரிழிவு எனக் கொள்வர். வெறும் வயிற்று அளவு 100 முதல் 125 வரை இருந்தால் அது முன் எச்சரிக்கை.

2. பெயர் தெரியாத மாத்திரையை உட்கொள்ளக் கூடாது. நெடுநாள் உட்கொண்டவர்கள் அச்சத்தில் திடீரென்று நிறுத்தவும் கூடாது. அது வேறு ஆபத்துகளை விளைவிக்கும். மருத்துவரிடம் காட்டிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

3. சாதாரண வலிநிவாரணி மாத்திரைகளும் நாட்பட்டால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். நீரிழிவால் முன்பே சிறுநீரகம் நலிந்தவர்களுக்கு இது இரட்டை அடி.

4. மூட்டில் ஸ்டீராய்டு ஊசி போட நேர்ந்தால் நீரிழிவு இருப்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஊசிக்குப் பின் சில நாட்கள் சர்க்கரை ஏறக்கூடும். அதைக் கவனிக்க வேண்டும்.

5. நடக்க முடியாதவர்கள் நாற்காலியில் அமர்ந்தபடியே காலை நீட்டி மடக்கித் தொடைத் தசையை வலுப்படுத்தலாம். மிதிவண்டியும் நீச்சலும் முழங்காலுக்கு இதமானவை. உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடிக்கும் முழங்கால் மேல் விழும் பாரம் நான்கு கிலோ குறைகிறது என்று ஆராய்ச்சியாளர் அளந்து கூறியுள்ளனர்.

6. வருமுன் காப்பதும் கைகூடும். சென்னையில் நடைபெற்று 2006இல் வெளியான ஆய்வில், எச்சரிக்கை நிலையில் இருந்தவர்கள் உணவிலும் உடலுழைப்பிலும் செய்த மாற்றத்தால் நீரிழிவு வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது.

7. தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், நீரிழிவு மாத்திரையையும் உடலியக்கப் பயிற்சியையும் ஒரே திட்டத்தின் கீழ் வீட்டு வாசலுக்கே கொண்டு வந்தது. இரு நோய்களையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும் என்பதற்கு இஃது ஒரு நல்ல எடுத்துக்காட்டு.

முடிவுரை

நீரிழிவும் மூட்டுவாதமும் ஒரே வீட்டில் குடியேறுவது தற்செயல் அன்று. சர்க்கரை மூட்டை இறுக்குகிறது. மூட்டின் அழற்சி சர்க்கரையைக் கூட்டுகிறது. வலி நடையை நிறுத்துகிறது. வலியை மறைக்கும் மருந்தே சிலபோது சர்க்கரையை வளர்க்கிறது. ஒன்றைக் கண்டால் மற்றொன்றைத் தேட வேண்டும் என்பதே நான் படித்து அறிந்ததன் சாரம்.

அம்மா இப்போது முறையாக மருந்து உட்கொள்கிறார். நாள்தோறும் சுவரில் விரல்களை ஏற்றி ஏற்றித் தோளைப் பழக்கியதில், சென்ற மாதம் தம் தலையைத் தாமே பின்னிக்கொண்டார். சர்க்கரையும் பெரிதும் குறைந்துள்ளது. ஆனால் கும்பிடும்போது விரல்களுக்கு நடுவே உள்ள அந்த இடைவெளி அப்படியேதான் இருக்கிறது. ஏறிய சர்க்கரை எளிதில் இறங்குவதில்லை.

நண்பர்களே! நம்மில் பலருடைய வீட்டில் இரத்தச் சோதனைச் சீட்டைப் படிக்கத் தெரிந்தவர் நாம் ஒருவரே. இன்று மாலை வீட்டிற்குச் சென்றதும் பெற்றோரையும் பாட்டி தாத்தாவையும் ஒரு முறை கைகுவிக்கச் சொல்லிப் பாருங்கள். மூட்டுவலிக்கு என்ன மாத்திரை உட்கொள்கிறார்கள் என்று கேளுங்கள். அதன் மேல் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். நாம் கற்கும் கல்வி முதலில் பயன்பட வேண்டிய இடம் நம் வீடே.